“உங்களுக்கு எத்தினை மாசம், மிஸ்?”

கேள்வி:

எனக்கு 31 வயது. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன், அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். டவுனுக்கு வெளியே உள்ள ஆண்பிள்ளைகள் இல்லம் ஒன்றில் ஐந்து மாதமாகச் சனிக்கிழமைகளில் கணிதம் சொல்லிக்கொடுத்து வந்தேன். நீதிமன்றம் மூலம் அனுப்பப்பட்ட பிள்ளைகள்தான் அங்கே கூட. 15 வயதுப் பெடியன் ஒருவன் என்னோடு நல்ல ஒட்டு. தகப்பன் இல்லை, தாய் குவைத்தில் வீட்டு வேலை. போன மாதம் அவன், “அம்மாட குரலை ஒருக்காக் கேட்டால் போதும் சேர்” என்று அழுதான். யாருக்கும் சொல்லாமல் என் போனில் கோல் எடுத்துக் கொடுத்தேன். இந்த வருடமும் வர ஏலாது என்று தாய் சொல்லியிருக்கிறா. அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. விடிய மதில் ஏறிப் போய்விட்டான். பின்னேரம் பஸ் நிலையத்தில் வைத்துப் பொலிஸார் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விசாரிக்கும்போது என் போன் கதை வெளியே வந்தது. பொறுப்பாளர் கடுமையாகப் பேசினார், ஆனால் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த சனி போனபோது, நான் வாங்கிக் கொடுத்த கணிதப் புத்தகத்தை அவன் என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டான். அதற்குப் பிறகு இரண்டு கிழமை நான் போகவில்லை. என் மகளின் பிறந்தநாளை அங்கே அந்தப் பிள்ளைகளோடு கொண்டாட நினைத்திருந்தேன், அதையும் விட்டுவிட்டேன். “வேலியால போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்ட கதை” என்கிறா மனைவி. நான் நிறுத்திவிடுவதுதான் அந்தப் பிள்ளைக்கு நல்லதா?

பதில்:

தம்பி, போன் கொடுத்தது பிழை. அதை மெழுகிப் பேசி உங்களை ஆறுதல்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் இப்போது நிறுத்தினால் அது அதைவிடப் பெரிய பிழையாகிவிடும். உங்கள் கடிதத்தை வாசித்ததில் இருந்து என் மனதைக் குடைவது அந்தக் கோல் அல்ல, நீங்கள் போகாமல் விட்ட அந்த இரண்டு சனிக்கிழமைகள்தான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நான் இதே பிழையை விட்டவள்.

சுனாமிக்குப் பிறகு, 2005இல், நான் உளவளத்துணை வேலைக்குப் புதிது. திட்டம் ஒன்றின் கீழ் இந்த மாவட்டத்து இல்லம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் திருகோணமலையில் தொண்டு செய்ய வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள், படம் கீறப் பழக்கினார்கள், கயிறு இழுக்க வைத்தார்கள், அழுது கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். நான் போன முதல் நாள், பன்னிரண்டு வயதிருக்கும், ஒரு பெடியன் வாங்கில் இருந்தபடி கேட்டான்: “உங்களுக்கு எத்தினை மாசம், மிஸ்?” எனக்கு முதலில் விளங்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று திட்டக் கணக்கில் வந்தவர்கள். அவன் என்னுடைய கணக்கைக் கேட்டிருக்கிறான். “நான் இஞ்சத்தை ஆள், போகமாட்டன்” என்று சொன்னேன்.

ஒன்பதாம் மாதம் திட்டத்துக்கான காசு முடிந்தது. என்னை வேறு வேலைக்கு மாற்றினார்கள். போய்வருகிறேன் என்று சொன்னால் பிள்ளைகள் அழுவார்கள் என்று நினைத்து, சொல்லாமலே நின்றுவிட்டேன். உண்மையில் அழுகைக்குப் பயந்தது நான்தான். இரண்டு வருடம் கழித்து பஸ் நிலையத்தில் அவனைக் கண்டேன். கச்சான் விற்றுக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டுவிட்டான். “ஒன்பது மாசம் மிஸ்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கை ஒப்பிப்பதுபோலச் சொன்னான். கச்சான் சுருளைக் கையில் வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டான்.

இப்போது உங்கள் பெடியனிடம் வருவோம்.

அவன் ஓடியதற்குக் காரணம் தாயோடு கதைத்தது என்று நீங்களும் நினைக்கிறீர்கள், பொறுப்பாளரும் நினைக்கிறார் போலிருக்கிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. தாயின் குரலைக் கேட்பது அந்தப் பிள்ளைக்குத் தேவையான ஒன்று. அன்று அவனுக்குக் கிடைத்த செய்தி பாரமானது: அம்மா இந்த வருடமும் வரமாட்டா. அந்தச் செய்தியோடு அவன் அன்றிரவு படுக்கைக்குப் போனபோது, அப்படி ஒன்று நடந்தது என்பதே அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்றனுக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில் பெடியனிடம் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். தெரிந்த ஒரே ஆள் நீங்கள், நீங்களோ உவர்மலைக்குப் போய்விட்டீர்கள். உங்களைக் காப்பாற்ற அவன் வாயை மூடிக்கொண்டு, சோற்றையும் தள்ளிவிட்டு, விடிய மதில் ஏறியிருக்கிறான். பெரியவர் ஒருவரின் இரகசியத்தைச் சுமக்கும் வேலையை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டீர்கள். பிழை அங்கேதான் இருக்கிறது. இதே கோல் மேற்றனுக்குத் தெரிந்து நடந்திருந்தால், அன்றிரவு யாராவது ஒருவர் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு அவன் கட்டிலடியில் போய் இருந்திருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. நீதிமன்றக் கட்டளையில் வந்த பிள்ளை யாரோடு தொடர்பு வைக்கலாம், யாரோடு வைக்கக்கூடாது என்பதற்குச் சில வேளை அந்தப் பிள்ளையைப் பற்றி வைத்திருக்கும் கோவையில் காரணம் எழுதியிருக்கும். அது உங்களுக்குக் காட்டப்படமாட்டாது, காட்டவும் கூடாது. இந்தப் பெடியன் விஷயத்தில் அப்படி ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இன்னொரு பிள்ளை “மாமாவோடு ஒருக்காக் கதைக்கோணும்” என்று கேட்கும்போது, அந்த மாமா யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் யாரிடமிருந்து காப்பாற்றப்பட்டு அங்கே வந்தானோ, அந்த ஆளின் கையிலேயே உங்கள் போன் அவனைக் கொடுத்துவிடலாம்.

அதற்காகத் தாயோடு கதைக்கும் ஆசையை அவன் விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு அவர்களோடு ஒழுங்காகத் தொடர்பு வைத்திருக்க உரிமை உண்டு என்கிறது, பிள்ளையின் நலனுக்குக் கேடாக இருந்தாலொழிய. எங்கள் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். அநாதைப் பிள்ளைகள் என்று நாங்கள்தான் வாய்ப்பழக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறோம். ஆகவே பொறுப்பாளரிடம் நேரே கேளுங்கள்: இவன் தாயோடு கதைக்க ஒரு ஒழுங்கு செய்யலாமா, நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேட்டுப் பார்ப்பீர்களா என்று. கேட்கும் முறை முக்கியம். “அது அவன்ட உரிமை” என்று சட்டம் பேசிக்கொண்டு போகாதீர்கள், முப்பது பிள்ளைகளை இரண்டு மூன்று பேர் வைத்துப் பார்க்கிற இடத்தில் அது வேகாது. மாதத்தில் ஒரு குறித்த நாள், குறித்த நேரம், இல்லத்துப் போன், மேற்றன் பக்கத்தில். குவைத் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை நாள், ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அன்றுதான் விருந்தும் வேலையும் கூட என்று அங்கே போய்வந்த பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்த நேரம் சரி என்று தாயிடமே கேட்டு வைப்பது நல்லது. கோல் முடிந்த கையோடு பிள்ளையைத் தனியே படுக்கைக்கு அனுப்பாமல் சாப்பாட்டுக்கோ விளையாட்டுக்கோ கூட்டிக்கொண்டு போகிற நேரமாகவும் அது இருக்க வேண்டும்.

புத்தகம் கிழித்த கதைக்கு வருகிறேன். அவன் அதை நீங்கள் இல்லாத கிழமை நாளில் கிழித்திருக்கலாம். கிணற்றில் போட்டிருக்கலாம். நீங்கள் வரும்வரை பத்திரமாக வைத்திருந்து, நீங்கள் கதிரையில் இருந்த பிறகு, உங்கள் கண் முன்னால் கிழித்திருக்கிறான். விட்டுப் போனவர்களையே கண்டு வளர்ந்த பிள்ளை, தனக்குப் பிடித்த ஆள் எப்போது போகப்போகிறார் என்று காத்துக்கொண்டே இருக்கும். காத்திருப்பது தாங்கமுடியாமல் போகும்போது, போகிற வேலையை அதுவே தொடக்கிவைக்கும். “இப்ப போங்கோ, போகிறதென்றால்” என்பதுதான் அந்தக் கிழித்த தாள்களின் அர்த்தம். அதற்கு நீங்கள் கொடுத்த பதில், இரண்டு சனிக்கிழமை வராமல் விட்டது. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை தம்பி. அவன் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்கள் ஒருக்கா யோசிக்க வேண்டும்.

சனிக்கிழமை இரண்டு மணித்தியாலத்தால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் வழமையாகச் சொல்லும் ஒரு ஆய்வு இருக்கிறது. ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் தன் குழுவோடு அவர்களின் 40 வயதுவரை பின்தொடர்ந்தார். வறுமை, வீட்டில் குடி, பெற்றோரின் மனநோய், குடும்பப் பிளவு என்று பல ஆபத்துகளுக்குள் பிறந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அப்படி வந்தவர்களிடம் பொதுவாக இருந்தவற்றுள் ஒன்று, சிறுவயதில் அசையாமல் நின்ற ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தது. அது பாட்டியாக இருக்கலாம், அயலவராக இருக்கலாம், ஒரு வாத்தியாராகவும் இருக்கலாம். நீங்கள் அவனுக்குத் தகப்பனாக வேண்டியதில்லை. சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரு ஆளாக இருந்தால் காணும்.

மகளின் பிறந்தநாளை அங்கே வைக்காமல் விட்டது நல்லது, இனியும் வேண்டாம். எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இல்லங்களில் சாப்பாடு கொடுக்கும் வழக்கம் உண்டு. கொடுப்பவர்களின் மனம் நல்லதுதான், அந்தச் சாப்பாடு இல்லங்களுக்குத் தேவையும்கூட. ஆனால் பதினைந்து வயதுப் பெடியன்கள் வரிசையில் நின்று தேவாரம் பாடி, இன்னொரு பிள்ளையின் கேக்குக்குக் கைதட்டி, படத்துக்கு நின்றுவிட்டுத்தான் சோற்றுக் கோப்பையைத் தொட வேண்டும் என்றால், அது அவர்களுக்கு எப்படி இறங்கும்? உங்கள் மகளைத் தகப்பன் தூக்கி வைத்துக் கேக் தீத்துவதை அந்தப் பெடியன் நின்று பார்க்க வேண்டும். கொடுக்க விரும்பினால் பொறுப்பாளரிடம் காசாகவோ அரிசியாகவோ கொடுத்துவிட்டு, பிள்ளைகள் தங்கள் பாட்டில் சாப்பிடட்டும் என்று வந்துவிடுங்கள். முகநூலில் அந்தப் பிள்ளைகளின் முகம் எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது. நீதிமன்றம் பாதுகாப்புக்கு அனுப்பிய பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஊருக்குக் காட்டிக்கொடுப்பதாகிவிடும்.

மனைவியின் பயத்தையும் சும்மா தள்ளிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. வீட்டு விலாசமோ போன் இலக்கமோ பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். “லீவுக்கு உங்கட வீட்டை வரட்டா சேர்” என்று கட்டாயம் கேட்பான். நெஞ்சு இளகும். ஓம் என்று சொல்லாதீர்கள், “பாப்பம்” என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைகளின் காதில் “பாப்பம்” என்பது வாக்குறுதி. “என்னால அது ஏலாது, சனிக்கிழமை நான் வருவன்” என்று சொல்லுங்கள். எந்தப் பிள்ளையோடும் கதவு மூடிய அறையில் தனியே இருக்க வேண்டாம், வராந்தாவில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருங்கள். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் பொறுப்பாளரையும் தாண்டிப் போக வேண்டி வரலாம். நம்பிக்கை வந்த பிறகு பிள்ளை ஒரு நாள், தனக்கு யாரோ செய்த கொடுமையைச் சொல்லக்கூடும். “ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், அது பயிற்சி உள்ளவர்களின் வேலை, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதே ஒரு வதை. “நீ சொன்னது நல்லது, இது உன்ர பிழை இல்லை, உதவி செய்யக்கூடிய ஆளிட்டைச் சொல்லப்போறன்” என்று சொல்லுங்கள். பிறகு பொறுப்பாளருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் தெரிவியுங்கள். குற்றம் சாட்டப்படுவது இல்லத்துக்குள் இருக்கும் ஒருவர் என்றால், அங்கே யாரிடமும் சொல்லாமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு எடுங்கள். தமிழிலேயே சொல்லலாம்.

கணிதம் சொல்லிக்கொடுப்பது பற்றி எனக்கு ஒரு ஆசை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். திருக்கடலூர்ப் பக்கம் மீன் வாடியில் வேலை செய்துவிட்டு இல்லத்துக்கு வந்த ஒரு பெடியனை எனக்குத் தெரியும். மூன்றே முக்கால் கிலோ பாரை என்ன விலை வரும் என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லுவான். அதே முக்காலைத் தாளில் மூன்றின் கீழ் நான்கு என்று எழுதிக் காட்டினால் பேனையை வைத்துவிட்டு யன்னலைப் பார்ப்பான். பாடசாலையை இடையில் விட்ட பிள்ளைக்குப் பத்தாம் ஆண்டுப் புத்தகம் தன் வயதைச் சொல்லிக் காட்டும் பகிடிபோல இருக்கும். அவன் கிழித்த புத்தகத்தை ஒட்டவும் வேண்டாம், புதிதாக வாங்கவும் வேண்டாம். வெறும் கொப்பி ஒன்றோடு, அவனுக்கு ஏற்கனவே தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

அவனுக்கு 15 என்றீர்கள். தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போகிற அன்று அது தேவைப்படும். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் கோவையில் இருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். இடம்பெயர்வு, சுனாமி என்று அலைந்த குடும்பங்களின் பிள்ளைகளில் சிலருக்குப் பிறப்பே பதியப்பட்டிருக்காது, அவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டி வரலாம். நீங்கள் முகாமைத்துவ உதவியாளர், எந்தப் படிவம் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தரக்கூடியவர். பிரதேச செயலகத்துக்கும் கிராம சேவகரிடமும் அலைய நேரமில்லாமல் இல்லத்து அலுமாரியில் கிடக்கும் விண்ணப்பங்கள் எத்தனை என்று பொறுப்பாளரைக் கேட்டுப் பாருங்கள். பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பெடியனிடம் அடையாள அட்டை இல்லாவிட்டால் வங்கிப் புத்தகம் இல்லை, முறையான வேலையும் இல்லை, தொழிற்பயிற்சிக்குச் சேருவதும் இழுபடும். கணிதத்தைவிட இந்த வேலையில் உங்கள் கை அவர்களுக்குக் கூடப் பிரயோசனப்படலாம் என்று எனக்குப் படுகிறது. கோவையைத் தொடுவது பொறுப்பாளரின் அனுமதியோடு மட்டும்.

எப்போதாவது நிறுத்தத்தான் வேண்டி வரும். இடமாற்றம் வரும், இரண்டாவது பிள்ளை பிறக்கும். அப்போது என்னைப்போலச் செய்யாதீர்கள். ஒரு மாதம் முன்னரே சொல்லுங்கள், கடைசி நாள் எது என்று கலண்டரில் காட்டுங்கள், அந்த நாளில் போய் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். அழுதால் அழட்டும். கிழமைக்கு ஒரு நாள் கஷ்டமாக இருந்தால் இப்போதே மாதத்துக்கு இரண்டாகக் குறையுங்கள். குறைத்ததை உடைக்காமல் வைத்திருங்கள்.

இந்தச் சனிக்கிழமை போங்கள். முதலில் பொறுப்பாளரின் அறைக்குப் போய், போன் கொடுத்தது பிழை, இனி நடக்காது என்று நீங்களாகச் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை நிற்காதீர்கள். உங்கள் போனை அவர் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போங்கள். பெடியனிடம் நீட்டி விளக்கம் வேண்டாம். “உனக்கு ஒளிச்சுக் கோல் எடுத்துத் தந்தது என்ர பிழை. அம்மாவோட கதைக்க ஆசைப்பட்டது பிழையில்லை. ரெண்டு கிழமை வராமல் விட்டதும் என்ர பிழை.” அவ்வளவுதான். அவன் பதில் சொல்லமாட்டான் என்று நினைத்துக்கொண்டே போங்கள். வராந்தாவுக்கே வராமல் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தால் எழுப்ப வேண்டாம். மற்றப் பிள்ளைகளுக்குப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, போகும்போது அவன் அறை வாசலில் நின்று, “வாற சனி, பத்து மணிக்கு வருவன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். வாற சனி, பத்து மணிக்குப் போங்கள். பஸ் பிந்தினால் இல்லத்துக்குக் கோல் எடுத்து, “சேர் வந்துகொண்டிருக்கிறார்” என்று அவனிடம் சொல்லச் சொல்லுங்கள்.